காதுக்கு வந்த கம்பியும் போனில் அடைபட்ட துளையும்

அலைபேசியில் இயர்போன் செருகுவதற்கென்று இருந்த வட்டத் துளையின் விட்டம் 3.5 மில்லிமீட்டர். தமிழில் அதற்கென்று ஒரு பெயர் கடைசிவரை நிலைக்கவில்லை. கடைக்காரர் 'ஜாக்' என்பார், வாங்க வந்தவர் 'ஹெட்செட் ஓட்டை' என்பார், செருகும் முனையை இருவருமே 'பின்' என்பார்கள். பெயர் நிலைக்காவிட்டாலும் பொருள் நிலைத்தது. எந்தக் கம்பெனியின் இயர்போனும் எந்தக் கம்பெனியின் போனிலும் நுழைந்து பாடும் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2016க்குப் பிறகு விலை உயர்ந்த போன்களில் அந்தத் துளை ஒவ்வொன்றாக அடைபட்டது. நகரத்தில் இது வசதியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்தது. பீர்மேடு போன்ற மலைப்பகுதியில் அது வானொலியைப் பற்றிய கேள்வியாகவும், மழைக்காலத்தில் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பீர்மேடு. சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா இங்கே தவமிருந்ததால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது வழக்கு. திருவிதாங்கூர் மன்னர்கள் கோடையில் வந்து தங்கிய இடமாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பயிர்களின் நிலமாகவும் இருந்த ஊர் இது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏலப்பாறை, பாம்பனார், வண்டிப்பெரியாறு சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. 1972 ஜனவரி 26 முதல் அவை இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டுமொழி தமிழாகவும் அலுவலக மொழி மலையாளமாகவும் இருக்கும் இந்த மக்களுக்குத் தாய்மொழிச் செய்தியும் பாட்டும் பெரும்பாலும் காற்று வழியாகவே வந்தன.

துளையின் கதை வானொலிக்கும் முந்தியது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. இணைப்பகம் என்றால் ஒரு பலகை, அதன் எதிரே ஓர் ஊழியர். ஒருவரின் கம்பியை இன்னொருவரின் கம்பியோடு சேர்க்க வேண்டுமானால் கையால்தான் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை செருகவும் உருவவும் தாங்கக்கூடிய, இருட்டிலும் தடவிச் செருகக்கூடிய ஓர் அமைப்பு தேவைப்பட்டது. வட்டத் துளை, அதற்கேற்ற உருண்டை முனை. எந்தப் பக்கம் மேலே என்று பார்க்க வேண்டாம், எப்படித் திருப்பினாலும் பொருந்தும். சிகாகோவின் சார்லஸ் ஸ்கிரிப்னர் வடிவமைத்த தொடக்ககாலச் செருகி மடக்குக் கத்தியின் சாயலில் இருந்தது. மடக்குக் கத்திக்கான ஆங்கிலச் சொல்லின் முற்பாதிதான் இன்று நம் கடைத்தெருவில் 'ஜாக்' என்று ஒலிக்கிறது. அந்த இணைப்பகத் துளையின் விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். மேடைக் கச்சேரிகளில் கித்தாரை ஒலிபெருக்கியோடு இணைக்க இன்றும் அதே அளவுதான். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882 ஜனவரி 28இல் திறக்கப்பட்டன. இணைப்பகப் பலகை அப்படி இந்தியாவுக்கு வந்தது.

இணைப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். கேட்கும் கருவி அதனால் கையை விட்டுத் தலைக்கு ஏறியது. இரண்டு காதையும் மூடும் வடிவத்தைச் செம்மையாக்கியவர் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின். தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவிகளை 1910இல் அவர் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை அவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்கியது. கப்பலில் வந்த கம்பியில்லாத் தந்தியைக் கேட்டது கம்பி உள்ள ஹெட்போன்தான்.

தமிழகத்தில் வானொலி தொடங்கியதும் ஹெட்போனோடுதான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பு தொடங்கியது. அக்காலத்தில் பரவலாக இருந்த எளிய வாங்கி படிக வானொலி. ஒரு சிறு கனிமத் துண்டு, அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு சுருள், நீளமான ஆண்டெனா, ஒரு ஹெட்போன் என்பவையே அதன் உறுப்புகள். மின்கலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வானிலிருந்து வந்த அலையின் ஆற்றலே ஹெட்போனின் மெல்லிய தகட்டை அசைத்துப் பேச வைத்தது. பணமில்லாமல் 1927இல் கழகத்தின் ஒலிபரப்பு நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அதை மீண்டும் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊரைக் கேட்க வைத்தது. ஒருவர் காதுக்குள் ஒலித்தது இப்போது கூட்டத்திற்கு ஒலித்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. பீர்மேட்டை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1943 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் சொந்த நிலையம் அமைத்தது.

வால்வு வானொலி பெரியது, விலை அதிகம், மின்சாரமோ பெரிய மின்கலமோ கேட்பது. தோட்டத்தில் அது துரை பங்களாவின் பொருள். தொழிலாளியின் கைக்கு வந்தது டிரான்சிஸ்டர்தான். 1954இல் அமெரிக்காவில் முதல் சட்டைப்பை வானொலி விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானியக் கருவிகளும், பிறகு இந்தியாவிலேயே செய்தவையும் விலை இறங்கிப் பரவின. 6.35 மில்லிமீட்டர் துளை அந்தச் சிறு பெட்டிக்குப் பெரிதாக இருந்ததால் அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். இப்படிப் பிறந்ததுதான் 3.5 மில்லிமீட்டர். ஒற்றைக் காதில் மாட்டும் வெள்ளை அல்லது சந்தன நிற இயர்போன் ஒன்று டிரான்சிஸ்டர் பெட்டியோடு சேர்ந்தே வரும்.

மத்திய அலையும் சிற்றலையும் மலைக்கு ஒத்துவந்த அலைகள். மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து செல்லும். சிற்றலை மேல்வானத்தில் பட்டுத் திரும்பும். இடையில் மலை நிற்பது இரண்டுக்கும் பெரிய தடை இல்லை. கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தென்தமிழகம் முழுவதையும் கட்டிப்போட்டது அந்த அலைகளில்தான். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள், முகம் தெரியாமலே வீட்டு மனிதர்களின் குரல்களாயின. இந்திய அரசு அன்று வானொலிப் பெட்டிக்கு உரிமம் கேட்டது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த முறை 1980களில்தான் ஒழிந்தது. பெட்டிக்கு அரசு பணம் கேட்டது. இயர்போன் துளைக்கு யாரும் எப்போதும் பணம் கேட்கவில்லை. அந்த அளவைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இந்த வரலாற்றின் மையம் இதுதான்: அது உடைமையாளர் இல்லாத பொதுச் சொத்து, ஊர்க்கிணறு போல.

1979 ஜூலை 1இல் சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்கு விட்டது. அந்த முதல் வாக்மேனில் ஒன்றல்ல, இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியே பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படும் என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா எண்ணியதே காரணம். இருவர் கேட்டபடியே பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்தார்கள். பின்வந்த வாக்மேன்களில் இரண்டாவது துளை மறைந்தது. ஆனால் பகிர்ந்து கேட்கும் வழக்கம் மறையவில்லை. ஒரே இயர்போனின் இடப்பக்கத்தை ஒருவரும் வலப்பக்கத்தை இன்னொருவரும் மாட்டிக்கொண்டு மலைப்பேருந்தில் தோளோடு தோள் உட்கார்ந்து போவது, கம்பி இருந்த காலத்தின் அழகான காட்சிகளுள் ஒன்று. கம்பியின் நீளம் இருவரையும் நெருங்கி உட்கார வைத்தது.

பின்னின் உலோக முனையில் தெரியும் கறுப்பு வளையங்கள் வெறும் அலங்காரம் அல்ல. அவை மின்சாரம் கடக்காத தடுப்புகள். ஒரு வளையம் இருந்தால் முனையில் இரண்டு பகுதி, ஒற்றை ஒலி. இரண்டு வளையம் இருந்தால் மூன்று பகுதி: நுனி இடக்காதுக்கு, நடு வலக்காதுக்கு, அடி இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. மூன்று வளையம் இருந்தால் நான்காவது பகுதி ஒலிவாங்கிக்கு. நான்கு பகுதி வந்தபோது எது ஒலிவாங்கி, எது பொதுவழி என்பதில் இரண்டு மரபுகள் மோதின. அதனால்தான் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில ஹெட்செட்டுகளைச் சில போன்களில் செருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. சில ஆண்டுகளில் ஒரு மரபு வென்று, அந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்தது.

அலைபேசி தொடக்கத்தில் இந்தப் பொதுத் துளையை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோக்கியா தனக்கென்று அகலமான ஓர் இணைப்பி வைத்திருந்தது. வேறு சிலர் 2.5 மில்லிமீட்டர் வைத்தார்கள். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலும் 3.5 துளை இல்லை. 2007இன் முதல் ஐபோனில் துளை இருந்தது, ஆனால் உள்வாங்கி இருந்ததால் தடித்த பின்கள் நுழையவில்லை. மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த இயர்போன்களின் எண்ணிக்கைதான் கம்பெனிகளை வழிக்குக் கொண்டுவந்தது. 2010 வாக்கில் ஏறக்குறைய எல்லாருமே 3.5க்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பங்கு உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். இந்தியா முழுவதும் பரவிய விலை குறைந்த போன்களில் பெரும்பகுதி அங்கே உருவானது. எஃப்எம் வானொலியும் இயர்போன் துளையும் அந்த வகைப் போன்களின் முக்கியக் கவர்ச்சி. ஆலை 2014 நவம்பர் 1இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தைப் பின்னர் வாங்கிய சால்காம்ப் நிறுவனம் அங்கே சார்ஜர் செய்கிறது. அதே ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஆலை 2019இல் ஐபோன் பூட்டத் தொடங்கியது. அந்த ஐபோன்களில் துளை கிடையாது. இந்த இரண்டு ஆலைகளுக்கும் இடையிலான ஆண்டுகளில்தான் விலை உயர்ந்த போன்களில் துளை மறைந்தது.

மலைவாசிக்கு முக்கியமான செய்தி, இயர்போன் கம்பி ஒலியை மட்டும் சுமக்கவில்லை என்பது. இந்தியாவில் எஃப்எம் எனப்படும் பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அலைநீளத்தில் கால் பங்காவது, அதாவது 75 சென்டிமீட்டர் அளவாவது, நீளமுள்ள கம்பி வேண்டும். உள்ளங்கை அளவுப் போனுக்குள் அவ்வளவு நீளத்திற்கு இடம் இல்லை. இயர்போன் கம்பியோ ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே பொறியாளர்கள் இயர்போனின் பொதுவழிக் கம்பியையே ஆண்டெனாவாக்கினார்கள். ஒரே கம்பியில் பாட்டு மேலே காதுக்குப் போகிறது, வானலை கீழே போனுக்கு வருகிறது. ஒன்றின் அதிர்வெண் சில ஆயிரம், மற்றதன் அதிர்வெண் பத்துக் கோடி. ஒரு சிறு சுருள் இரண்டையும் கலக்காமல் பிரித்துவிடுகிறது. எஃப்எம்மைத் திறந்ததும் 'ஹெட்செட்டைச் செருகவும்' என்று போன் கேட்டது இதற்காகத்தான். ஒலியை வெளிஸ்பீக்கருக்கு மாற்றி வைத்துக் கேட்டாலும் இயர்போனை உருவக் கூடாது. உருவினால் ஆண்டெனாவே போய்விடும்.

பண்பலை மத்திய அலையைப் போல வளையாது. ஏறக்குறைய கண்பார்வையைப் போல நேர்கோட்டில் போகும். நடுவில் மலை நின்றால் மறுபக்கம் நிழல். ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்தில் தெளிவாகக் கேட்கும் நிலையம், ஓடையோரத்து லயத்தில் இரைச்சலாக வருவதற்கு இதுவே காரணம். கோடை பண்பலை என்று தமிழர் அறிந்த கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அதன் கோபுரம் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்பதால்தான் ஒரே கோபுரம் கீழேயுள்ள பல மாவட்டங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைவிளிம்பில் கிழக்கு நோக்கித் திறந்திருக்கும் சரிவுகளுக்கு அந்த அலை வந்துசேரும் வாய்ப்பு அதிகம். இடுக்கி மாவட்டத்திற்கென்று ஆகாசவாணியின் தேவிகுளம் நிலையம் 101.4இல் இருக்கிறது. மாநில எல்லை பார்க்காமல் தமிழைக் கொண்டுவரும் அலையைப் பிடிக்க, அந்த 3.5 துளையும் ஐம்பது நூறு ரூபாய் இயர்போனும் போதுமானவையாக இருந்தன. கம்பியைச் சன்னல் பக்கம் நீட்டிப்போட்டால் இன்னும் தெளிவு.

துளையை எடுக்கும் முயற்சி ஐபோனுக்கு முன்பே தொடங்கியது. போன்களை ஒல்லியாக்கும் போட்டியில் 2012இல் ஓப்போ தன் ஃபைண்டர் போனில் துளையை விட்டது. 2014இல் வந்த ஓப்போ ஆர்5 போனின் தடிமன் 4.85 மில்லிமீட்டர், துளை இல்லை. அதே ஆண்டு வந்த விவோ எக்ஸ்5 மேக்ஸ் அதைவிட ஒல்லி, 4.75 மில்லிமீட்டர், அதில் துளை இருந்தது. இடமில்லை என்ற வாதத்திற்கு விவோவின் அந்தப் போனே மறுப்பு. 2016இல் லீஈகோவும் மோட்டோரோலாவும் துளையில்லாப் போன்களைக் கொண்டுவந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 7இல் ஐபோன் 7 அறிமுகமானது. நூறாண்டுப் பழைய இணைப்பி, உள்ளே இடம் பிடிக்கிறது, காதுக்குக் கம்பி இனி வேண்டாம் என்பன ஆப்பிள் சொன்ன காரணங்கள். இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும் என்றும் மேடையில் சொல்லப்பட்டது. தண்ணீர் புகாமல் காப்பது எளிது என்ற காரணமும் பின்னர் பேசப்பட்டது. ஆனால் 2014இன் சாம்சங் எஸ்5, 2016இன் எஸ்7 இரண்டுமே துளையை வைத்துக்கொண்டே தண்ணீரைத் தாங்கின. ஐபோனில் துளை இல்லாததை விளம்பரத்தில் கேலி செய்த சாம்சங், 2019 ஆகஸ்டில் நோட் 10இல் தானும் துளையை எடுத்தது. கூகுள் 2017இலும் ஒன்பிளஸ் 2018இலும் அதே வழியில் போயிருந்தன.

இந்தக் காரணங்களில் உண்மையே இல்லை என்று தள்ள முடியாது. நெரிசலான போனுக்குள் அந்தத் துளையின் கூடு கணிசமான இடம் பிடிப்பது மெய். ஆனால் ஐபோன் 7 அறிமுகமான அதே மேடையில் கம்பியில்லா ஏர்பாட்ஸும் அறிமுகமானதை மறந்து இதைப் படிக்கக் கூடாது. ஏர்பாட்ஸ் இந்தியாவில் 15,400 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015இல், மூணாறின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் நடத்திய வேலைநிறுத்தத்திற்குப் பிறகு கேரளத் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. உயர்ந்த அந்தக் கூலியிலும் ஏர்பாட்ஸின் விலை 51 நாள் உழைப்பு. 2000ஐ ஒட்டித் தோட்டங்கள் பல மூடப்பட்டு, கூலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தவித்த பீர்மேட்டில் அந்த எண்ணின் கனம் விளங்கும். விலை மலிவான கம்பியில்லா இயர்பட்ஸ் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது என்பது சரியே. கம்பி இயர்போனின் விலையோடு ஒப்பிட்டால் அதுவும் பல மடங்கு.

கம்பியில்லா இணைப்பின் அடித்தளமான புளூடூத்தை 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவாக்கத் தொடங்கினார்கள். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயரே அதன் பெயர். 1998இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதைப் பொதுத்தரமாக்கின. முதலில் அது பேச்சுக்குத்தான் பயன்பட்டது. இசையை இரு காதுக்கும் அனுப்பும் முறை 2000களில் சேர்ந்தது. ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்பி, மறுமுனையில் விரித்து ஒலிக்க வேண்டும். இத்தனை வேலைக்கு நேரம் பிடிக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தாமதம் சாதாரணம். பாட்டுக்கு அது தெரியாது. விளையாட்டிலும், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பிப் போனைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கும் அது உறுத்தும்.

இரண்டாவது வேறுபாடு மின்கலம். கம்பி இயர்போனுக்குள் மின்கலம் இல்லை. அறுந்தால் தவிர அது சாகாது, அறுந்தாலும் பின்னை வெட்டி வேறு பின் பற்றவைக்கத் தெரிந்தவர் கடைத்தெருவில் உண்டு. இயர்பட்ஸின் ஒவ்வொரு பட்டிலும் பொட்டளவு லித்தியம் மின்கலம் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் தாங்குதிறன் தேய்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை, ஒட்டி மூடியிருப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நாள்முழுக்கப் போகும் ஊரில், போனுக்கே சார்ஜ் தேடும்போது காதுக்கும் சார்ஜ் தேடுவது கூடுதல் பாரம். கம்பியில்லாதது வசதி இல்லை என்பதல்ல. கைவேலையின்போது கம்பி இழுபடாமல் இருப்பது பெரிய நிம்மதி, வண்டி ஓட்டுவோருக்கும் அப்படியே. இரண்டும் அவரவர் தேவைக்கு இருந்த காலம் நல்ல காலம். ஒன்றுக்கு இடமே இல்லாமல் செய்ததுதான் குறை.

இன்னொரு சிக்கல் இணைப்பியில் வந்தது. துளை போன பிறகு கம்பி இயர்போனை டைப்-சி வாய் வழியாகச் செருக இணைப்பிகள் விற்கப்பட்டன. அவற்றில் இரண்டு வகை. ஒன்றில் எண்களாக இருக்கும் ஒலியை இயர்போனுக்கான மின்னலையாக மாற்றும் சில்லு இணைப்பிக்குள்ளேயே இருக்கும்; மற்றதில் அந்த வேலையைப் போன் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒருவர் போனில் பாடுவது இன்னொருவர் போனில் ஊமையாகும். அத்துடன் ஒரே வாய் என்பதால் சார்ஜ் ஏற்றிக்கொண்டே கேட்க முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியம் டைப்-சியைச் சட்டமாக்கியது. ஆப்பிளும் 2023இன் ஐபோன் 15 முதல் அதற்கு மாறிவிட்டது. சார்ஜருக்குப் பொதுமை வந்தது, காதுக்குப் போனது. அந்த ஐரோப்பாவிலேயே பிரான்ஸ் மட்டும் வேறு பாதை காட்டியது. சிறுவர் தலைக்கருகே போன் இருப்பதைக் குறைக்க, பெட்டிக்குள் இயர்போன் கட்டாயம் என்று சட்டம் வைத்திருந்தது. 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து உலகெங்கும் இயர்போனை எடுத்தபோது பிரான்ஸில் மட்டும் அது கூடவே வந்தது. அந்தக் கட்டாயம் 2022இல் நீங்கியது.

அதே 2020இல் கேரளப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. ஜூன் 1 முதல் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டுப் பெரும்பாலும் யூடியூப் வழியே வந்தன. லயத்து வீடென்றால் ஓர் அறையும் சமையற்கட்டும். இரண்டு பிள்ளைகள் இரண்டு வகுப்புக் கேட்கும் வீட்டில் காதோடு ஒட்டிய கம்பிதான் சுவர். விலை குறைந்த போன்களில் துளை அப்போதும் இருந்தது அந்தப் பிள்ளைகளுக்கு உதவியது.

மழைக்கால ஆபத்துகள் இந்த வட்டாரத்திற்கு நூலறிவு அல்ல. 2018 ஆகஸ்ட் 9இல் இடுக்கி அணைத்தொகுதியின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அம்மாதம் மாவட்டமெங்கும் மண் சரிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து, பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை விழுங்கியது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. 2021 அக்டோபர் 16இல் பீர்மேடு வட்டத்துக் கொக்கயாற்றிலேயே நிலச்சரிவு உயிர்களைக் கொன்றது. வானொலி இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. வானொலி கேட்க மட்டுமே உதவும், கூப்பிட உதவாது. ஆனால் பக்கத்துச் செல்போன் கோபுரம் விழுந்தால் குறுஞ்செய்தியும் இணையமும் சேர்ந்தே விழும். எண்பது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் வானொலிக் கோபுரம் அப்போதும் பேசிக்கொண்டிருக்கும். எச்சரிக்கையைக் கேட்க ஒரு வழிக்கு இரண்டு வழி இருப்பது மலையில் உயிர் சம்பந்தப்பட்டது.

இந்திய அரசும் இதை உணர்ந்தே பேசியது. 2023 ஏப்ரலில் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. போனில் எஃப்எம் வாங்கி இருந்தால் அதை முடக்கி வைக்கக் கூடாது, இல்லையென்றால் சேர்க்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். ஏழைகளின் செய்தித் தேவையும் பேரிடர்க் காலமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 'முடக்கி' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. போனுக்குள் வைஃபையையும் புளூடூத்தையும் தாங்கும் சில்லிலேயே பல சமயம் எஃப்எம் வாங்கியும் சேர்ந்தே இருக்கிறது. மென்பொருள் திறக்காததால் அது ஊமையாகக் கிடக்கிறது. ஆனால் சில்லைத் திறந்துவிட்டாலும் ஆண்டெனா வேண்டும். அடிப்படை போன்கள் சிலவற்றில் உள்ளேயே சிறு ஆண்டெனா வைத்து இயர்போன் இல்லாமலே எஃப்எம் தருகிறார்கள். கோபுரத்துக்கு அருகே அது போதும், மலைமடிப்பில் நீளக் கம்பிக்கு அது ஈடாகாது. வாங்கியைப் பற்றிப் பேசினால் துளையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

துளை இன்னும் முழுதாகச் சாகவில்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் பொத்தான் போன்களிலும் அது இருக்கிறது. மலைத்தோட்டத்தில் குடியிருப்பவரோ, அங்கே பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் வேலை செய்பவரோ, அடுத்த போன் வாங்கும்போது கேமராவைப் பார்க்கும் முன் போனின் அடியையும் தலையையும் பார்க்கட்டும். துளை இருந்தால், கடையிலேயே ஓர் இயர்போனைச் செருகி, எஃப்எம்மைத் திறந்து, 100.5ஐயும் 101.4ஐயும் ஒருமுறை வைத்துக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.